வேன் கூரைமேல் வரைந்த பூ

திருவண்ணாமலையில் ஒரு தனியார் கல்லூரியின் வரவேற்பறையில் என் அக்கா வரைந்த வாட்டர் கலர் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. மரக்கிளையைப் பற்றிக்கொண்டு பூத்திருக்கும் காட்டு ஆர்க்கிட். படத்துக்குக் கீழே சின்னப் பித்தளைத் தகட்டில் அவள் பெயர். வரைந்தவள் பெயர் படத்துக்குக் கீழே இருப்பதில் என்ன அதிசயம் என்று பார்க்கிறவர்கள் நினைக்கலாம். அந்தப் பெயர் தானாக அங்கே வந்து உட்காரவில்லை. அதை உட்கார வைக்க எங்கள் வீடு என்ன பாடுபட்டது என்பதை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. அக்காவிடம் கேட்டால், “அதான் பேரு வந்துடுச்சே, இன்னும் இன்னா?” என்று போய்விடுவாள்.

நாங்கள் இரண்டு பெண்கள். அப்பாவை நயினா என்றுதான் கூப்பிடுவோம். அவர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலத்தைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு டவுனுக்கு வந்து வேர்க்கடலை மண்டியில் எடை போடும் வேலையில் சேர்ந்தார். கிரிவலப் பாதையை யாரும் சீண்டாத காலத்தில் அங்கே ஒரு மனை வாங்கி வீடு கட்டினார். வீடு சின்னது. மாடு கட்ட ஆகுமென்று பின்னால் நீளமாக இடம் விட்டிருந்ததால் ரோட்டைப் பார்த்த காம்பவுண்டு சுவர் மட்டும் வீட்டைவிடப் பெரியது. மாடு கடைசிவரை வாங்கவில்லை.

1989இல் மாவட்டம் பிரிந்தது. புது மாவட்டத்துக்குப் புது அலுவலகங்கள் வந்ததில் எனக்குத் தற்காலிக டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அக்காவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஓவியத்தில் ஹையர் கிரேடு தேறி, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வீட்டில் இருந்தாள். சும்மா இருக்கவில்லை. கல்லூரிப் பிள்ளைகளுக்கு ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து கொடுப்பாள். கரப்பான் பூச்சி, தவளையின் இதயம், செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டு என்று எங்கள் கூடத்தில் எப்போதும் நோட்டுகள் அடுக்கியிருக்கும்.

அப்படித்தான் அந்தத் தனியார் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அவளைக் கண்டுபிடித்தார். தாவரவியல் துறை. அவருடைய வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் நோட்டில் செம்பருத்தி ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றதாம். விசாரித்து ஆள் அனுப்பினார். திட்டப் போகிறார் என்று நினைத்து என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவர் திட்டவில்லை. ஜவ்வாது மலைச் செடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருப்பதாகவும், தன் கேமராவில் இலை நரம்பு சரியாக விழுவதில்லை, வரைய ஆள் வேண்டும் என்றும் சொன்னார். நல்ல மாதிரிதான் பேசினார். மாணவர்களோடு கல்லூரி வேனில் மலைக்குப் போக வேண்டியிருக்கும் என்றார். அக்கா யோசிக்காமல் சரி என்றாள்.

வீட்டில் நயினா ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணம் ஆகாத பெண் ஆம்பளைப் பிள்ளைகளோடு மலையேறிப் பூ வரைய வேண்டும் என்று என்ன தலையெழுத்து, பூ வேண்டுமென்றால் மாட வீதியில் கூடை கூடையாக விற்கிறதே என்றார். அம்மா அவர் பக்கம். அக்கா வாதாடவில்லை. பிரஷ்களைக் கழுவித் துணியில் சுற்றினாள். கலர் டப்பாவையும் தாளையும் பையில் வைத்தாள்.

“நாங்க ரெண்டு பேரும் போறோம் நயினா. பொழுதோட வந்துடுவோம்” என்றாள்.

அவள் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னாள். நயினாவுக்கு அது புரிந்தது. எழுந்து வெளியே போய்விட்டார்.

போளூர் தாண்டி, வளைவு வளைவாக ஏறி, ஜமுனாமரத்தூருக்குக் கொஞ்சம் முன்பாக வேன் நின்றது. ரோட்டோரம் கிழட்டு மாமரம். அதன் கிளை இரண்டாகப் பிரியும் இடத்தில் அந்தச் செடி இருந்தது. பட்டையான இலைகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருந்தன. ஒரு காம்பில் ஐந்தாறு பூக்கள். மஞ்சளும் பச்சையும் கலந்த இதழ், அதன்மேல் பழுப்பு நிறத்தில் வலை பின்னியது போலக் கோடுகள், நடுவில் நாக்கு நீட்டிய மாதிரி ஊதா நிற இதழ் ஒன்று. வெள்ளை வேர்கள் விரல் பருமனுக்கு மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தன. கீழே நின்றாலே வாசனை வந்தது. கோயில் ஊரில் பிறந்து பூவிலேயே வளர்ந்தவள் நான். அப்படி ஒரு பூவை அதற்கு முன் பார்த்ததில்லை.

பேராசிரியர் ஒரு மாணவனைக் கூப்பிட்டு, ஏறிச் செடியை வேரோடு எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

“புடுங்க வேணாம் சார்” என்றாள் அக்கா.

“எடுத்தாதாம்மா நீ நிழல்ல உட்கார்ந்து நிதானமா வரைய முடியும்.”

“புடுங்கிட்டா, வேரு மரத்தப் புடிச்சிகினு இருக்கறத எப்படி வரையறது?”

“அத மனசுல வெச்சிப் போட்டுடு.”

“மனசுல இருக்கறதப் போடறதுக்கு இவ்ளோ தூரம் எதுக்கு சார் வரணும்?”

மாணவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். பேராசிரியர் வேறு எப்படி வரைவாய் என்று கேட்டார். அக்கா சுற்றிப் பார்த்தாள். டிரைவரிடம் போய், வேனைக் கிளைக்கு நேர் கீழே கொண்டுவந்து நிறுத்தச் சொன்னாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னாலிருந்த இரும்பு ஏணியைப் பிடித்து வேன் கூரைமேல் ஏறினாள். சாமான் கட்டும் கேரியரில் கோணிப்பையை விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பூ அவள் முகத்துக்கு நேரே இருந்தது. “குடைய எடுத்துகினு வாடி” என்று என்னைக் கூப்பிட்டாள். எனக்கு உயரமென்றால் பயம். ஆனால் அத்தனை பேர் பார்க்கும்போது முடியாது என்று சொல்ல ரோஷம் விடவில்லை. ஏறினேன்.

அந்தப் பகல் முழுக்க நாங்கள் வேன் கூரைமேல்தான் இருந்தோம். அந்த வழியாகப் போன பஸ்ஸின் ஜன்னல்களெல்லாம் எங்களையே திரும்பிப் பார்த்தன. மலைக்காரப் பெண்கள் விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து நின்றார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. பென்சிலில் முதலில் வேரைத்தான் போட்டாள். வாட்டர் கலரில் வெள்ளை என்று தனியாக எதையும் பூசக் கூடாது, தாளின் வெள்ளையையே விட்டுவைக்க வேண்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். வேர்களை அப்படியே விட்டுச் சுற்றியிருந்த மரப்பட்டையைத் தீட்டினாள். வேர் தானாக வெளியே வந்தது. நீலத்தையும் ரோஜா நிறத்தையும் குழைத்துக் குழைத்துப் பார்த்து அந்த ஊதாவைப் பிடிக்கத்தான் ரொம்ப நேரம் ஆனது. மேகம் இறங்கி ஈரக்காற்று அடிக்க, தாள் காயவே இல்லை. டிரைவரிடம் சொல்லி இன்ஜினை ஓடவிட்டு, நான் கீழே இறங்கி பானட்டின் சூட்டில் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூறல் விழுந்தபோது குடை தாளுக்குத்தான். நாங்கள் இரண்டு பேரும் நனைந்தோம்.

முடிந்ததும் படத்தின் வலது மூலையில், வேருக்குக் கீழே, பழுப்பு நிறத்தில் பெயரை எழுதினாள். பேராசிரியர் அதைப் பார்த்தார். அறிவியல் படங்களில் கையெழுத்துப் போடும் வழக்கம் இல்லை என்றார்.

“சின்னதாதான் சார் போட்டிருக்கேன். பூவுக்கு எடைஞ்சல் இல்ல.”

அவர் சிரித்துவிட்டு, புத்தகத்தில் பெயர் கட்டாயம் வரும் என்றார். அதன் பிறகும் பல தடவை மலைக்குப் போனோம். நிறையச் செடிகளை வரைந்தாள். ஆனால் அந்த ஆர்க்கிட் மாதிரி இன்னொன்று அமையவில்லை என்று அவளே சொல்வாள்.

இரண்டு வருஷம் போனது. புத்தகம் அச்சில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். ஒரு நாள் ஒரு கல்லூரி மாணவி ரெக்கார்டு நோட்டோடு வந்தாள். கையில் புதுப் புத்தகம். அட்டையைக் காட்டி, “இதே மாதிரி வரைஞ்சி குடுங்கக்கா” என்றாள். அட்டையில் எங்கள் ஆர்க்கிட். கிளை, வேர், ஊதா நாக்கு எல்லாம் இருந்தன. வலது மூலையை மட்டும் வெட்டி அச்சடித்திருந்தார்கள். உள்ளே, எழுத்தும் படங்களும் என்று போட்டுப் பேராசிரியர் பெயர் மட்டும் இருந்தது. அக்கா புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினாள். நன்றி சொல்லும் பக்கத்தில் வேன் டிரைவருக்குக்கூட நன்றி இருந்தது. அந்தப் பெண்ணிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், பிறகு வா என்று அனுப்பிவைத்தாள். அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. மறுநாள் காலையில், “ஆபீசுக்கு லீவ் சொல்லு. காலேஜுக்குப் போறோம்” என்றாள்.

வரவேற்பறையில் நுழைந்ததும் அது கண்ணில் பட்டது. அசல் படம். நல்ல தேக்குச் சட்டம். படத்தைச் சுற்றி அகலமாக வெள்ளை அட்டை வைத்துக் கண்ணாடி போட்டிருந்தார்கள். கையெழுத்து இருந்த மூலை அந்த அட்டைக்கு அடியில் போய்விட்டது. கீழே தகட்டில் பேராசிரியர் பெயர்.

அவர் எங்களை உட்காரச் சொன்னார். கோபமே இல்லை. விளக்கம் சொல்கிற மாதிரி பேசினார். எந்தச் செடி, எந்த மரம், எந்த மாசத்தில் பூக்கும் என்பதெல்லாம் தான் கண்டுபிடித்தது. கூட்டிக்கொண்டு போனது தான். இப்படி வரை என்று சொன்னதும் தான்.

“நீ கைம்மா. தப்பா எடுத்துக்காத. மூள ஒருத்தருது, கை ஒருத்தருதுன்னா, பேரு யாருக்கு வரும்?”

“கையும் எனக்குன்னு ஒரு ஒடம்புலதானே சார் இருக்குது?” என்றாள் அக்கா. “கண்ணு என்னுது. வேரோட புடுங்காதீங்கன்னு சொன்னது எந்த மூள?”

அவர் அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார். சட்டத்தைக் கழற்றி அந்த அட்டையைக் கொஞ்சம் வெட்டினால் போதும், பெயர் தெரியும் என்றாள் அக்கா. கல்லூரிச் சொத்து, அப்படியெல்லாம் தொட முடியாது என்றார்.

அடுத்த வாரம் அக்கா ஒரு சின்ன டப்பா எனாமல் பெயிண்ட்டோடு போனாள். பார்வையாளர்களோடு போய் உட்கார்ந்து, எழுந்து, கண்ணாடியின் வலது மூலையில் தன் பெயரைச் சிவப்பில் எழுதிவிட்டு வந்தாள். அட்டெண்டர் பிளேடால் சுரண்டி எடுத்தார். மறுபடி போய் எழுதினாள். அந்தத் தடவை நானும் கூட இருந்தேன். அவள் எழுதி முடிக்கும்வரை அட்டெண்டரிடம் ஏதோ அட்மிஷன் விவரம் கேட்டுக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் எங்களை உள்ளே விடக் கூடாது என்று கேட்டில் சொல்லிவிட்டார்கள்.

“சரி, உள்ளதான வுட மாட்டான்” என்றாள் அக்கா.

எங்கள் காம்பவுண்டு சுவருக்கு அவள் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்தபோதுகூட எனக்கு விளங்கவில்லை. பிறகு கயிற்றில் கரித்தூள் தடவிக் கட்டம் போட்டாள். ஏணி வைத்து ஏறினாள். மூன்று நான்கு நாளில் அந்த ஆர்க்கிட் சுவர் முழுக்கப் பூத்தது. ஒவ்வொரு பூவும் தாம்பாளம் அளவு. வேர்கள் என் கை பருமன். அதன் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள்:

“இந்தப் பூவின் அசல் படத்தை வரைந்தவள் நான். அது ஒரு கல்லூரியில் வேறொருவர் பெயரில் மாட்டியிருக்கிறது. சட்டத்தைக் கழற்றிப் பார்த்தால் என் பெயர் இருக்கும்.”

கீழே கல்லூரியின் பெயர். அதற்கும் கீழே இனிஷியலோடு அவள் பெயர்.

நயினா மண்டியிலிருந்து வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டே படித்தார். இன்னொரு தடவை படித்தார். அம்மா வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“கழட்டினா பேரு இருக்குமா?” என்று கேட்டார்.

“இருக்கும் நயினா.”

“நிச்சயமா?”

“நானே எழுதினது.”

அவர் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

அந்த வருஷங்களில்தான் பௌர்ணமிக் கூட்டம் பெருக ஆரம்பித்திருந்தது. எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் எல்லாம் எங்கள் சுவரைத் தாண்டித்தான் மலையைச் சுற்ற வேண்டும். நின்று படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் படித்துச் சொன்னார்கள். ஓர் அம்மாள் பூவுக்குக் குங்குமம் வைத்துக் கற்பூரமே ஏற்றிவிட்டார். அக்கா ஓடிப்போய், “சாமி இல்லம்மா, வழக்கு” என்றாள். அந்த அம்மாள் நிதானமாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்போ ஜாஸ்தியா ஏத்தணும்” என்று இன்னொரு கட்டி வைத்தார்.

கல்லூரியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அக்காவிடம் பேசாமல் நயினாவிடம் போனார்கள். பெரிய மனிதர் பெயர் கெடுகிறது, நீங்கள் வயதில் மூத்தவர், பெண் பிள்ளைக்குப் புத்தி சொல்லிச் சுவரை வெள்ளையடித்துவிடுங்கள் என்றார்கள். மானநஷ்ட வழக்கு என்று ஒரு வார்த்தையும் போட்டுப் பார்த்தார்கள். நயினா அவர்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

“எம் பொண்ணு எழுதினது பொய்யின்னா, அந்த சார வந்து பக்கத்துல எழுதச் சொல்லுங்க. செவுத்துல எடம் இருக்குது” என்றார்.

மலைக்குப் போக வேண்டாம் என்று சொன்ன அதே நயினாதான். நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அடுத்த அடி என்மேல் விழுந்தது. வேலூர்ப் பக்கத்திலிருந்து எனக்கு ஒரு வரன் வந்திருந்தது. பையனுக்கு பாங்கில் வேலை. பெண் பார்த்தாகிவிட்டது, பிடித்திருக்கிறது என்று சொல்லியாகிவிட்டது. நிச்சயத்துக்கு நாள் குறிக்க வந்த அவருடைய அப்பா, காம்பவுண்டுக்கு வெளியே நின்று சுவரைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். காபி குடித்தார். பிறகு, நாளைக்கு எங்கள் உறவுக்காரர்கள் நூறு பேர் வருவார்கள், ரோட்டில் சண்டை போடுகிற வீடு என்று பேசுவார்கள், நிச்சயத்துக்கு முன்பு அதை அழித்துவிட்டால் நல்லது என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. கறை பட்ட புடவையை மாற்றச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

அவர்கள் போனதும் அக்கா நேராகப் பின்கட்டுக்குப் போய்ச் சுண்ணாம்பு வாளியை எடுத்தாள். அத்தனை பேரிடம் சளைக்காமல் பேசியவள் எனக்காக ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி வந்துவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“வாளிய கீழ வெய்” என்றேன்.

“உன் வாழ்க்கைடி.”

“என் வாழ்க்கைதான். அதான் சொல்றேன். வெய்யி.”

அவள் வைக்கவில்லை. நான் பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பையன் வீட்டுக்கு நானே போன் செய்தேன். அலுவலகத்துக்கு எதிரே இருந்த டெலிபோன் பூத்திலிருந்து, சுவர் இருக்கும், சம்மதம் என்றால் வாருங்கள் என்றேன். அவர்கள் வரவில்லை. அன்று எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். அந்தப் பையனின் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வருத்தம் வேறு, தப்புச் செய்துவிட்டோம் என்ற எண்ணம் வேறு. இரண்டாவது எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

கடைசியில் சுவர்தான் ஜெயித்தது. கல்லூரித் தாளாளரின் மனைவி ஒரு பௌர்ணமிக்கு மலை சுற்றி வந்தவர், எங்கள் சுவரைப் படித்துவிட்டார். வீட்டில் போய்க் கணவரிடம், கழற்றிப் பார்க்க என்ன பயம் என்று கேட்டாராம். ஒரு கேள்விதான். அதற்குள் கல்லூரிப் பிள்ளைகளும் வகுப்பிலேயே கேட்க ஆரம்பித்திருந்தார்கள். எங்களுக்கு அழைப்பு வந்தது.

தாளாளர், பேராசிரியர், அட்டெண்டர், நாங்கள் மூன்று பேர். நயினாவும் வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். படத்தைக் கவிழ்த்து மேசைமேல் வைத்து, அட்டெண்டர் ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினார். முன்பு பிளேடால் சுரண்டிய அதே மனிதர். கண்ணாடி வந்தது. வெள்ளை அட்டை வந்தது. வேருக்குக் கீழே, பழுப்பு நிறத்தில், அக்காவின் பெயர்.

பேராசிரியர், “ஆமா, இந்தப் பொண்ணுதான் வரைஞ்சது. இல்லன்னு நான் எப்பச் சொன்னேன்?” என்றார்.

உண்மைதான். அவர் ஒரு தடவைகூட இல்லையென்று சொன்னதில்லை. ஆமென்றும் சொன்னதில்லை.

அத்தோடு முடியவில்லை. புதுத் தகடு செய்து மாட்டினார்கள். பேராசிரியர் பெயர் பெரிதாக, அதன் கீழே “உதவி” என்று போட்டு அக்காவின் பெயர். பொன்னாடை போர்த்த விழாவுக்கும் கூப்பிட்டார்கள். அக்கா போய்த் தகட்டைப் படித்துவிட்டு, மேடை ஏறாமல் திரும்பி வந்தாள். சுவரில் இருந்த வாசகத்துக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: “நான் யாருக்கும் உதவி செய்யவில்லை. வரைந்தேன்.” அதற்கு அடுத்த பௌர்ணமிக்குள் தகடு மாறிவிட்டது. ஓவியம் என்று போட்டு அவள் பெயர் மட்டும். போய்ப் பார்த்து, இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்து, அன்றே சுவரில் எழுத்தை மட்டும் வெள்ளையடித்தாள். பூவை விட்டுவிட்டாள். பொன்னாடை யாரிடம் போனதோ தெரியாது.

எனக்கும் பிறகு கல்யாணம் ஆனது. எங்கள் அலுவலகத்திலேயே வேலை பார்த்தவர். வேங்கிக்காலில் புது ஆபீஸ் வளாகம் வந்த சமயம். சுவரைப் பற்றி என்னிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, அந்தப் பூ நிஜமாகவே அந்த ஊதாவா என்பதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காட்டுகிறேன் என்றேன்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், “நேரம் இல்ல” என்று ஒரே பதில். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து ஒருவழியாகக் கார்டு வந்து, கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை ஆனாள். விடுமுறை நாட்களில் பஸ் பிடித்து ஜவ்வாது மலைக்குப் போவாள். தானாகவே தேடிக் கண்டுபிடித்து, தானாகவே உட்கார்ந்து வரைவாள். இரண்டாயிரத்துக்குப் பிறகு கிரிவலப் பாதையை அகலப்படுத்தியபோது எங்கள் காம்பவுண்டு சுவர் போனது. புல்டோசர் வந்த அன்று அவள் ஸ்கூலுக்குப் போய்விட்டாள். வந்து பார்த்துவிட்டு, புதுச் சுவர் இன்னும் நல்ல பூச்சாக இருக்கட்டும் என்று கொத்தனாரிடம் சொன்னாள்.

அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு பேராசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். ஓய்வு பெற்றிருந்தார். தலை முழுக்க நரைத்து, படியேற மூச்சு வாங்கியது. அக்கா வாங்க சார் என்று நாற்காலி போட்டாள். அவர் சுற்றி வளைக்கவில்லை. இரண்டாவது புத்தகம் எழுதுகிறாராம். எத்தனையோ பேரை வைத்து வரைந்து பார்த்துவிட்டாராம். “யாருக்கும் உன்னாட்டம் வரலம்மா” என்றார். இந்தத் தடவை பெயர் அட்டையிலேயே வரும் என்றார்.

“முடியாது சார்” என்றாள் அக்கா. “கோவத்துல சொல்லல. எனக்கு என் வேல இருக்குது.”

அவர் தலையசைத்தார். எழுந்திருக்கப் போனவர், மேசைமேல் காய்ந்துகொண்டிருந்த படத்தைப் பார்த்துவிட்டார். மழைக்காலத்தில் புல்லுக்கு நடுவே பூக்கும் வெள்ளை ஆர்க்கிட். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“பூவோட காம்ப நேரா போட்டிருக்க” என்றார். “இந்தச் சாதியில மொட்டு தலகீழா இருக்கும். விரியும்போது காம்பு முறுக்கிக்கிட்டுத் திரும்பும். நல்லா பாரு.”

அக்காவின் முகம் சுருங்கியது. உள்ளே போய் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு பூவைக் கொண்டுவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காம்பில் கயிறு திரித்த மாதிரி மெல்லிய முறுக்கு இருந்தது. நானும் பார்த்தேன்.

அவள் உட்கார்ந்தாள். ஒற்றை மயிர் பிரஷ்ஷை எடுத்து, ஒவ்வொரு காம்பிலும் சாய்வாகப் பச்சைக் கோடுகள் போட்டாள். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் தன் கையெழுத்துக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், காம்பின் முறுக்கைச் சொன்னவர் என்று எழுதி அவருடைய பெயரையும் எழுதினாள்.

“உங்களுது உங்களுக்கு சார்” என்றாள்.

அவர் அதைப் படித்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் விரலால் மெதுவாகக் காட்டி, “என் பேர்ல ஒரு ஒத்து விட்டுப்போச்சும்மா” என்றார்.

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குத் தெரிந்து அவள் அப்படிச் சிரித்தது குறைவு. அவரும் கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார். அவள் பிரஷ்ஷை நனைத்து அந்த ஒற்றெழுத்தைச் சேர்த்தாள். அவர் படியிறங்க நான் கை கொடுத்தேன்.

இரண்டாவது புத்தகம் போட்டோக்களோடு வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது. அக்காவின் வெள்ளை ஆர்க்கிட்டை அவள் பள்ளிக்கூடத்தில் மாட்டினாள். பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டு, யாரு டீச்சர் இந்த ரெண்டாவது பேரு என்று கேட்டார்களாம். காம்பு தெரிந்தவர் என்று சொன்னாளாம்.